கரையிலிருந்து சொன்ன காற்று

என் வேலை காற்றுச் சொல்வது. சம்பளப் பத்திரத்தில் ‘தரைத் தொடர்பு உதவியாளர்’ என்று நீட்டி முழக்கிப் போட்டிருக்கிறார்கள். கற்பிட்டிக்குப் போகும் வழியில், ஒரு பக்கம் சவுக்கங்காடும் மறுபக்கம் உப்புப் பாத்திகளும் இருக்க, நடுவில் ஒரு ஹோட்டல் கம்பனி போட்ட சின்ன ஓடுபாதை அது. எண்ணூறு மீற்றர் நீளம், பன்னிரண்டு மீற்றர் அகலம். நாலு பேர் ஏறக்கூடிய ஒற்றை எஞ்ஜின் விமானங்கள் மட்டும் வரும். அவை வருவதற்கு முன் கழுதைகளை விரட்ட வேண்டும், காற்றுமானியைப் பார்க்க வேண்டும், பார்த்ததை ரேடியோவில் விமானிக்குச் சொல்ல வேண்டும். இந்த மூன்றில் கடைசியைத்தான் நான் நாலு வருடமாக ஒழுங்காகச் செய்யவில்லை. பிறகு இரண்டு நாள் ஒழுங்காகச் செய்தேன். இது அந்த இரண்டு நாளின் கதை.

மே தொடங்கி செப்டெம்பர் வரை இங்கே சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும். கடலிலிருந்து வந்து ஓடுபாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மறுபுறத்து உப்பங்கழியான களப்புப் பக்கம் போகும். எதிரே வருகிற காற்று விமானத்துக்கு நல்லது, பிடித்து நிறுத்தும். பக்கத்தால் வருகிற காற்றோ தள்ளிவிடும். பெரிய விமான நிலையங்களில் தள்ளினால் தள்ளிவிட்டுப் போகட்டும், அங்கே அகலம் கிடக்கிறது. எங்கள் பன்னிரண்டு மீற்றரில் ஐந்து மீற்றர் தள்ளினால் சில்லு உப்புப் பாத்திக்குள் இறங்கிவிடும். அதனால் குறுக்குக் காற்றின் வேகம் பதினைந்து நொட்டுக்கு, அதாவது மணிக்கு இருபத்தெட்டுக் கிலோமீற்றருக்கு, மேல் போனால் இறங்கக்கூடாது என்பது கம்பனியின் விதி. இறங்குவதா திரும்புவதா என்று முடிவுசெய்வது விமானி. எத்தனை நொட் என்று சொல்வது நான்.

என் வாப்பா முத்தலிபு தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து வந்து கண்டக்குழியில் மீன்பிடித்தவர். அந்தக் கரையில் ஒரு பழக்கம் இருந்தது. கடலில் நிற்கிற படகு ஃபோன் எடுத்து, கரையில் காற்று எப்படி என்று கேட்கும். கரையில் நிற்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லமாட்டார்கள், கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். கூட்டிச் சொன்னால் போனவன் வெறுங்கையோடு வந்து ஏசுவான். அந்த ஏச்சை வாங்கிக்கொள்ளலாம். குறைத்துச் சொல்லி அவன் வராமலே போய்விட்டால், அந்த வீட்டைத் தாண்டி எந்த முகத்தோடு கடைக்குப் போவது? வாப்பா கடலில் நின்றபோது உம்மா கூட்டிச் சொன்னா. நானும் பதினைந்து வயதில் கூட்டிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் கூட்டிச் சொல்கிறோம் என்று ஒருவரும் ஒத்துக்கொள்வதில்லை. கேட்டால் கோபம்தான் வரும்.

இந்த வேலைக்கு வந்த முதல் நாள் காற்றுமானி பதினொன்று காட்டியது. என் வாய் பதினாறு என்றது. யோசித்துச் சொன்னதல்ல, ஒரு மனிதன் மேலே நிற்கிறான், நான் கீழே நிற்கிறேன், தானாக வந்துவிட்டது. அன்றிலிருந்து ஐந்து கூட்டினேன். பதிவுப் புத்தகத்திலும் சொன்ன எண்ணையே எழுதினேன். கொழும்பு விமானிகள் பதினாறு என்று கேட்டதும் வந்த வழியே திரும்பிவிடுவார்கள். விருந்தாளிகள் வேனில் இடுப்பொடிய கொழும்புக்குப் போவார்கள். எனக்கு அதில் ஒரு கவலையும் இருக்கவில்லை.

கில்பட் அண்ணன் மட்டும் திரும்பமாட்டார். அவர் சிலாபத்துக்காரர், நாற்பது வயது. அவருடைய தகப்பன் ஜோர்ஜ், சீசனுக்குக் கண்டக்குழிக்கு வந்து வாப்பாவின் வாடிக்கு, அந்தக் கரையோர மீன் கொட்டிலுக்கு, பக்கத்தில் தானும் வாடி போட்டுத் தொழில் செய்தவர். ஒரு படகை விற்றுத்தான் மகனை விமானம் ஓட்டப் படிப்பித்தாராம். இது தெரிந்த நாளிலிருந்து கில்பட் அண்ணன் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். வரும்போதெல்லாம் சிலாபத்தில் வாங்கிய, மீன் வைத்த மாலுபாண் ஒரு பையில் இருக்கும்.

நான் பதினேழு என்றாலும் அவர் இறங்குவார், இருபது என்றாலும் இறங்குவார். இருபத்தொன்று என்றால் மட்டும் திரும்பிவிடுவார். விதியை மதிக்காத சூரன் என்று வீட்டில் அவரைப் பற்றிப் பெருமையாகக் கதைத்திருக்கிறேன். உண்மையில் காற்று பதினைந்தைத் தாண்டவில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் பேசாமல் இருந்துவிடுவேன். ஏன் சரியாக இருபதோடு நிறுத்துகிறார் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. இவ்வளவு மொக்குத்தனமாக இருந்திருக்கிறேனே என்று இப்போது நினைத்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

அவர் இறங்குவதைப் பார்க்கவேண்டும். வடக்கே போய்த் திரும்பி வருவார். விமானத்தின் மூக்குக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும், உடம்பு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடுபாதைக்கு வரும். தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது மூக்கை நேராக்கி, காற்றுப் பக்கத்துச் சிறகைத் தாழ்த்தி, அந்தப் பக்கச் சில்லை மட்டும் முதலில் வைப்பார். பிறகு மற்றச் சில்லு. ஒவ்வொரு முறையும் நான் ரேடியோவில், “கவனம் அண்ணன், ஏலாட்டித் திரும்புங்க” என்பேன். “ஓம் தங்கச்சி” என்பார். காற்று எட்டாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன்.

மே மாதம் கம்பனி ஒரு புதுக் காற்றுமானி பூட்டியது. அது காட்டுவதெல்லாம் கணினியில் தானாகப் பதிவாகும். ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை, புது மனேஜர் ரிப்கான் அதையும் என் புத்தகத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்னைக் கூப்பிட்டான். புத்தளத்துப் பிள்ளைதான், கொழும்பில் படித்தவன், என்னைவிட ஆறு வயது குறைவு.

“மிஸ், மெசின்ல பதின்மூண்டு ஈக்கிது. புக்ல பதினெட்டு எழுதி ஈக்கீங்க. ரெண்டு மாசமா எல்லா நாளும் சரியா அஞ்சு கூட.”

“கூடச் சொன்னா ஆருக்கு என்ன கேடு?”

“ஒம்பது ஃப்ளைட் சும்மா திரும்பிப் போயிருக்கு. காட்டுறத மட்டும் சொல்லுங்க. கூட்டவும் வேணா, குறைக்கவும் வேணா. பொய் சொல்றதுக்கா உங்களுக்குச் சம்பளம்?”

பொய் என்ற சொல்தான் குத்தியது. என் உம்மாவையும் சேர்த்துச் சொன்னது போல் இருந்தது. “சரி சேர், காட்டுறதையே சொல்றன்” என்றேன். சேர் என்பதை எவ்வளவு அழுத்த முடியுமோ அவ்வளவு அழுத்தினேன். அவன் எல்லா விமானிகளுக்கும் ஒரு மெசேஜ் அனுப்பினான். காற்று இனி மெசினில் பதிவாகும், பதினைந்துக்கு மேல் ஒருவரும் இறங்கக்கூடாது, இறங்கினால் வேலை போகும். நான் இதுவரை கூட்டிச் சொன்னேன் என்று அதில் அவன் எழுதவில்லை. கம்பனிக்கு மானக்கேடு என்று நினைத்திருப்பான். அவன் செய்தது பிழை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை, அதுதான் எரிச்சல்.

செவ்வாய்க்கிழமை கொழும்பு விமானி ஒருவர் வந்தார். பதின்மூன்று காட்டியது, பதின்மூன்று என்றேன். அவர் நல்லபடியாக இறங்கினார். ரிப்கான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கட்டைவிரலைக் காட்டினான்.

அன்று பின்னேரம் கில்பட் அண்ணனுக்கு ஃபோன் எடுக்கலாமா என்று யோசித்தேன். கோயிலில் மகளின் முதல் நன்மைச் சடங்குக்காக ஒரு கிழமை லீவில் சிலாபத்தில் நின்றார். அடுத்த நாள்தான் திரும்ப வேலை. என்னவென்று சொல்வது? நாலு வருடமாக உங்களுக்குப் பொய் சொன்னேன், நேற்றோடு நிறுத்திவிட்டேன் என்றா? வெட்கமாக இருந்தது. அதோடு, மெசேஜ் போயிருக்கிறது, விதி மீறுகிற ஆள் இனி விதிக்குள் வந்துவிடுவார், எனக்கு என்ன என்று ஒரு வீம்பும் இருந்தது. ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டு இடியப்பம் பிழியப் போய்விட்டேன்.

புதன்கிழமை காலையே காற்று சரியில்லை. உப்புப் பாத்திகளின் ஓரத்தில் திரண்டிருந்த நுரை அடிக்கடி திசை மாறுகிற வீச்சில் பிய்ந்து ஓடுபாதையில் கட்டிகட்டியாக உருண்டது. காகங்கள் பறக்காமல் நடந்தே போயின. கடற்பக்கம் ஒரு படகும் இறங்கவில்லை என்று வரும் வழியில் ஆட்டோக்காரர் சொன்னார். விரட்டுவதற்குக் கழுதை ஒன்றும் ஓடுபாதையில் இல்லை. எல்லாம் எங்கள் காத்திருப்புக் கொட்டிலுக்குப் பின்னால், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு நின்றன. கொட்டிலுக்குள் மூன்று வெள்ளைக்கார விருந்தாளிகள் பைகளோடு இருந்தார்கள். அவர்களை ஏற்றிப் போகத்தான் கில்பட் அண்ணன் வெறும் விமானத்தோடு வந்துகொண்டிருந்தார். வெறும் விமானம் என்றால் காற்றுக்கு இன்னும் இலேசு.

காற்றுமானி பதினெட்டு காட்டியது, இருபது காட்டியது, பிறகு பத்தொன்பதில் நின்றது. ரிப்கான் என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றான்.

பத்தரைக்கு ரேடியோவில் குரல் வந்தது. விதிப்படி ஆங்கிலத்தில் ஒரு வரி. பிறகு, “தங்கச்சி, வந்துட்டன். காத்து எத்தினை?”

“பத்தொம்பது” என்றேன். நிம்மதியாகத்தான் சொன்னேன். பதினைந்தை நாலு தாண்டிவிட்டது, மெசினில் பதிவாகிறது, மனிதன் திரும்பிவிடுவார்.

“சரி தங்கச்சி, இறங்குறன்.”

எனக்கு விளங்கவில்லை. “அண்ணன், பத்தொம்பது. மெசேஜ் வரல்லையா உங்களுக்கு?”

“வந்தது. நான் எப்ப பதினஞ்சுக்கு மேல இறங்கினன்? உங்கட பத்தொம்பது பதினாலுதானே.”

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அவர் சூரனும் இல்லை, விதி மீறியவரும் இல்லை. வாடிக்காரன் மகன். கண்டக்குழிக் கரையில் நிற்பவர்கள் எப்போதும் ஐந்து கூட்டுவார்கள் என்று தகப்பனிடம் கேட்டுத் தெரிந்து, நாலு வருடமாக என்னிடமிருந்து ஐந்து ஐந்தாகக் கழித்துக்கொண்டே இருந்திருக்கிறார். நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எங்கள் ஆட்களுக்குள் இதையெல்லாம் சொல்லிக்கொள்வதில்லை.

“இல்ல அண்ணன், இது மெய்யான பத்தொம்பது. நான் கூட்டல்ல.”

சிரித்தார். “கூட்டல்ல எண்டுதானே கரையில நிக்கிற ஆக்கள் எல்லாரும் சொல்றது. உங்கட வாப்பா முத்தலிபு நானா எங்கட அப்பாட்ட சொல்லாததா?”

“திரும்புங்க அண்ணன். சொல்றதக் கேளுங்க. ஏலாது, திரும்புங்க.”

“ஓம் தங்கச்சி.”

எப்போதும் சொல்கிற அதே ‘ஓம் தங்கச்சி’. எட்டு நொட்டுக்கும் இதையே சொல்லியிருந்தேன், பன்னிரண்டுக்கும் இதையே சொல்லியிருந்தேன். என்னிடமிருந்த பயத்தையெல்லாம் நல்ல காற்றில் செலவழித்து முடித்திருந்தேன். விமானம் வடக்கே திரும்பி, சவுக்கு மரங்களுக்கு மேலால் தெரிந்தது. மூக்கு வழமையைவிட அதிகமாகக் கடற்பக்கம் திரும்பியிருந்தது.

ஒரு வழி மிச்சமிருந்தது. இருபத்தைந்து என்று சொன்னால் போதும். அவர் ஐந்தைக் கழிப்பார், இருபது என்று எடுப்பார், திரும்பிவிடுவார். அது உடனே என் மூளையில் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பின்னால் ரிப்கான் நிற்கிறான். மெசினில் பத்தொன்பது சிவப்பாக எரிகிறது. நான் பொய்க்காரி என்று சொன்னவன் முன்னால் திரும்பவும் ஒரு பொய் சொல்வதா? என்னைப் பொய்க்காரி என்றவன் நடக்கப்போவதைப் பார்க்கட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அந்த நினைப்பு இரண்டு மூச்சு நேரம் என் கையைப் பிடித்து வைத்திருந்தது. இரண்டே இரண்டு மூச்சு.

பிறகு பொத்தானை அழுத்தி, “இருபத்தஞ்சு, அண்ணன், இருபத்தஞ்சு” என்று கத்தினேன். அவர் அதற்குள் ஓடுபாதையின் முனையைத் தாண்டிவிட்டார். அந்த நேரத்தில் எந்த விமானிக்கும் காது வேலைசெய்யாது.

மூக்கை நேராக்கினார். கடற்பக்கத்து வலது சிறகைத் தாழ்த்தினார். வலது சில்லு தரையைத் தொட்டது, அதுவரை எல்லாம் வழமைபோல்தான். பதினாலுக்கு எவ்வளவு தாழ்த்தவேண்டுமோ அவ்வளவுதான் தாழ்த்தியிருந்தார் போலிருக்கிறது. காற்று அந்தச் சிறகுக்குக் கீழே புகுந்து தூக்கியது. விமானம் களப்புப் பக்கம் வழுகியது. எஞ்ஜினைக் கூட்டும் சத்தம் கேட்டது, அவர் திரும்ப எழும்பப் பார்த்தார். இடது சில்லு தார் விளிம்பைத் தாண்டி, உப்புப் பாத்தியின் வரம்பில் இடித்தது. அப்படியே புரண்டு, பாத்திக்குள் தலைகீழாக விழுந்தது. நுரை எழும்பி எங்கள் கண்ணாடியில் வந்து ஒட்டியது.

உப்பு வாருகிற ஆட்கள்தான் முதலில் ஓடிப் போய் அவரை இழுத்து எடுத்தார்கள். நான் போனபோது முகம் முழுக்க உப்புச் சேறு. கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்ததா என்று தெரியாது. புத்தளத்துக்குக் கொண்டுபோகிற வழியில், பாலாவிச் சந்திக்கு இந்தப் பக்கமே உயிர் போய்விட்டது.

விசாரணைக்குக் கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையான மனிதர்கள், என்னை இருக்கச் சொல்லிவிட்டுத்தான் தாங்கள் இருந்தார்கள். மெசினில் பத்தொன்பது, புத்தகத்தில் பத்தொன்பது, நீங்கள் ரேடியோவில் சொன்னது எத்தனை என்று கேட்டார்கள். பத்தொன்பது என்றேன். ரிப்கானும் ஓம் என்றான். ரேடியோவில் பேசியது எதிலும் பதிவாகவில்லை, பழைய புத்தகங்களை ஒருவரும் கேட்கவில்லை. “உங்கள்ள ஒரு பிழையும் இல்ல மிஸ், நீங்க உள்ளதச் சொல்லி ஈக்கீங்க” என்றார் ஒருவர். நான் வாயைத் திறக்கவில்லை. பயமாக இருந்தது, வேலையும் தேவைப்பட்டது. இரண்டு மாதத்தில் அறிக்கை வந்தது. காற்று அளவு மீறியிருப்பதை அறிந்தும் விமானி விதியை மீறி இறங்கினார் என்று அதில் எழுதியிருந்தார்கள்.

அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நாலாம் நாள் பஸ் ஏறிச் சிலாபத்துக்குப் போனேன்.

ஜோர்ஜ் அங்கிள் வீட்டு முன் அறையில் கதிரையில் இருந்தார். சுவரில் மகனின் படம், கீழே சின்ன மின்விளக்கு. மருமகள் பேத்தியோடு கோயிலுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். முத்தலிபின் மகள் என்றதும் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். அறிக்கை ஒரு உறைக்குள் மேசையில் கிடந்தது.

“இதுல பத்தொம்பது எண்டு போட்டிருக்கு” என்றார். “நீங்க சொன்ன கணக்காம். நான் கழிச்சுப் பாத்தன், பதினாலு வருது. பதினாலு காத்துல விழுத்திற பிள்ளையா எண்ட மகன்? மூண்டு நாளா நித்திரையில்ல, மகள். நீங்கதானே கரையில நிண்டது. எனக்கு மட்டும் சொல்லுங்க, அண்டைக்குக் காத்து எத்தினை?”

மெய்யாகவே பத்தொன்பது என்று சொன்னால் இந்த மனிதரும் தலையை ஆட்டிக்கொண்டு அதிலிருந்து ஐந்தைக் கழிப்பார். மகனுக்கு விமானம் ஓட்டத் தெரியாது என்ற நினைப்போடேயே சாவார். பஸ்ஸில் வரும்போதே அதை யோசித்திருந்தேன்.

“இருபத்திநாலு, அங்கிள்” என்றேன்.

அவர் உதடு அசைந்தது. விரலை மடக்கினார். முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் இளகியது.

“பத்தொம்பது” என்றார். “அப்ப மெய்யாவே பத்தொம்பது இருந்திருக்கு. அதுல ஆராலயும் இறக்க ஏலாது. அவன்ட பிழையில்ல.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கை அப்படியே நின்றது. “ஆனா பத்தொம்பது எண்டு தெரிஞ்சா அவன் இறங்கமாட்டானே. அறிக்கையில இருக்கிறது கிடக்கட்டும். நீங்க அவனுக்கு ரேடியோவில எத்தினை சொன்னீங்க, மகள்?”

“பத்தொம்பது” என்றேன்.

என் கையைப் பிடித்திருந்த அவருடைய கை மெல்ல விலகியது.

“கூட்டாமலா சொன்னீங்க?”

“ஓம்” என்றேன்.